முதுகுக்குப் பின்னால் ஒரு மணி

பொள்ளாச்சி பஸ் உக்கடத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து, முன் சீட்டுப் பெண்கள் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். இளையவள் மடியில் ஒன்றரை வயதுப் பையன்.

“கொழந்தைக்கு முதுகுப் பக்கமா வந்து நின்னு மணியடிக்கறாங்கக்கா அந்த நர்சம்மா. களவாணியாட்ட.”

“காது கேக்குதா, பேச்சு வருதான்னு பாக்கறதுதான அம்மணி? எல்லா ஊட்டுக்கும் வாராங்க.”

“ஊட்டுல ஆருக்காச்சும் திக்குமான்னு எதுக்குக் கேக்கோணும்? எல்லாத்தையும் போன்ல ஏத்திக்கறாங்க. பேச்சு வராத புள்ளைன்னு எழுதிப்போட்டா, நாளைக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்துக்குவாங்க?”

“செரி, தம்பி திரும்புனானா?”

“ஒவ்வொரு தடவையும் திரும்புனானுங்க. நல்லாருக்கான்னு எழுதிட்டுப் போயிட்டாங்க.”

“அப்பறமென்ன?”

இளையவள் பையனின் காதோர முடியை ஒதுக்கிவிட்டாள்.

“மணியடிக்கறப்பெல்லாம் நான் திரும்பச் சொல்லிக் கண்ணைக் காட்டிப்போட்டனுங்கக்கா. அவன் எம் மூஞ்சியையேதான் பாத்துட்டிருந்தான்.”

கிணத்துக்கடவில் பஸ் நின்று, இன்ஜின் சத்தம் அடங்கியது. இளையவள் பையனைத் தன் முகம் பார்க்கத் திருப்பி உட்காரவைத்தாள். அவன் முதுகு மற்றவள் பக்கம் இருந்தது.

“இப்ப நீங்க ஒருக்கா பேரு சொல்லிக் கூப்புடுங்கக்கா. நான் கண்ணை மூடிக்கறேன்.”