பதினாறாவது ரீல்

உங்கள் ஸ்டேஷன் டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கல், சாகேப். குறையாகச் சொல்லவில்லை. எங்கள் லால்பாக் தியேட்டர் டீக்கு இது எவ்வளவோ தேவலை.

அங்கே இருபத்தேழு வருடமாகப் படம் ஓட்டுகிறேன். யார் படத்திலும் ஒரு அடி வெட்டியதில்லை. இந்தப் படம் வந்துதான் என் பெயர் கெட்டது. கதை எங்கள் பேட்டை தாதா நாம்யா பாயுடையது என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை மேட்னி தவறாமல் பால்கனியில் வந்து உட்காருவார். முதல் வாரமே என் அறைக்கு ஏறி வந்தார். சொந்தச் சித்தப்பாவைப் போல என்னைக் காகா என்றுதான் கூப்பிடுவார்.

"காகா, கடைசி ரீலு வேணாம். என் சாவை நானே வடாபாவ் தின்னுக்கிட்டுப் பாக்கணுமா? ஹீரோ துறைமுகத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கறான் பாருங்க, அங்கயே லைட்டைப் போட்டுருங்க."

நல்ல மனிதர். என் மகள் கல்யாணத்தில் இரண்டு நாள் நின்று பந்தி பரிமாறினார். அவர் மேல் எனக்குக் கோபமே கிடையாது. ஆனால் அவர் வந்த காட்சிகளில் எல்லாம் நான் துறைமுகத்தோடு நிறுத்த, ஜனங்கள் என் ஜன்னலைப் பார்த்துத்தான் கத்தினார்கள்.

"டேய் ஆப்பரேட்டர், மிச்சப் படத்தை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறியா?"

ஏழு வெள்ளிக்கிழமை கேட்டேன். அவமானமாக இருந்தது. பிறகு நானே எதிர்க் கோஷ்டி சால்வியைத் தேடிப் போனேன். நாம்யா பாயைத் தீர்க்க அவன் மூன்று வருடமாக அலைந்துகொண்டிருந்தான். ஆனாலும் என்னை நம்பவில்லை.

"கிழவா, உன்னை அனுப்புனது யாரு?"

"யாருமில்ல. கடைசி ரீல்ல ரெண்டு நிமிஷம் சுட்டுக்கிட்டே இருப்பாங்க. நான் சத்தத்தைக் கூட்டி வெச்சா, நெசக் குண்டு எது, படக் குண்டு எதுன்னு எவனுக்கும் தெரியாது."

வாசலில் நாம்யா பாயின் ஆட்கள் எல்லோரையும் தடவிப் பார்ப்பார்கள். என்னைப் பார்க்க மாட்டார்கள். கடைசி ரீலான பதினாறாவது ரீல் டப்பாவில் துப்பாக்கியை உள்ளே கொண்டுபோனது நான்தான். இடைவேளையில் சால்வியின் ஆள் வந்து வாங்கிக்கொண்டான்.

அன்று துறைமுகக் காட்சி முடிந்தும் விளக்கு எரியவில்லை. நாம்யா பாய் திரும்பி என் ஜன்னலைப் பார்த்தார். கிழவன் மறந்துவிட்டான் என்று நினைத்திருப்பார். சிரித்தார். நான் சத்தத்தைக் கூட்டினேன்.

உடனே சாகவில்லை, சாகேப். திரையில் சுடுவது ஓய்ந்ததும் அவர் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "காகா, லைட்டைப் போடுங்க." ஆஸ்பத்திரி எதிர்ச்சாரியில்தான் இருக்கிறது. படம் முடிய இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. ஓடுகிற படத்தை நடுவில் நிறுத்துகிற ஆள் நான் இல்லை.