மிச்ச நாடா

அந்த ரெக்கோர்டரை மின்விசிறிக்குக் கீழே வைக்காதீர்கள், தம்பி. விசிறிச் சத்தம் முழுக்க உள்ளே ஏறிவிடும். பிறகு கொழும்பில் இருந்து இதைத் தட்டச்சு செய்கிற பிள்ளை தலையில் அடித்துக்கொள்ளும். மேசையின் அந்தப் பக்கம் தள்ளி, துவாயை மடித்து அதன்மேல் வையுங்கள். ஒலிப்பதிவு தெரிந்தவன் மாத்தளை டவுனில் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. ஊரின் லட்சணம் அப்படி.

பெயர் விஜயரத்தினம். வடக்கிலிருந்து எழுபத்துநான்கில் மாற்றலாகி வந்தேன். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் படவரைஞர் வேலை, போன வருடம் ஓய்வு. கலியாணம் செய்யவில்லை. ராமநாதன் காணாமல் போனதைப் பற்றித்தானே கேட்க வந்தீர்கள்? சமாதானம் வந்துவிட்டது என்கிறார்கள், அதனால் உங்களைப் போன்றவர்கள் கதவு தட்டுகிறீர்கள். சொல்கிறேன். ஆனால் இசைத்தட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் அவனைப் பற்றிச் சொல்ல முடியாது.

கேட்க வேண்டிய அல்பம் உலகத்தில் பன்னிரண்டுதான் இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள், பன்னிரண்டு. மற்றதெல்லாம் கலியாண வீட்டுக்கும் பஸ்ஸுக்கும் செய்த சத்தம். ஆல்டர்நேட்டிவ் ரொக், இண்டி என்று வெள்ளைக்காரன் சொல்வான். பெரிய கொம்பனிகள் ஏறெடுத்தும் பார்க்காத பையன்கள் கைக்காசைப் போட்டுச் சின்ன அறைகளில் அடித்த தட்டுகள். பெயர்களைச் சொல்ல மாட்டேன். நீங்கள் பிழையாக எழுதுவீர்கள், எனக்கு அது தாங்காது. முதலாவதன் அட்டை சாம்பல் நிறம், நடுவில் ஒரு வெற்று நாற்காலி. ஆலைகள் மூடிப்போன இங்கிலாந்து ஊர் ஒன்றின் நாலு பேர். பாடுகிறவன் சுவரோடு பேசுவதுபோலப் பாடுவான். மொத்தம் நாற்பத்தொரு நிமிடம். ஐந்தாவது, ஒரு பெண் தன் குசினியில் இருந்தே பதிவு செய்தது. கேத்தல் கொதிக்கிற சத்தம்கூட அதில் இருக்கும். அதை வெட்டாமல் விட்டதுதான் அவளுடைய மேதைமை. இவற்றையெல்லாம் லண்டனில் இருக்கும் என் தங்கை அருந்ததி பார்சலில் அனுப்புவாள். இங்கே யாருக்கு இதன் அருமை தெரியும்? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

பிரதான வீதியில் அப்துல் ஸமத் ஒரு ரெக்கோர்ட் பார் வைத்திருந்தான். கசெட்டும் பாட்டு லிஸ்ட்டும் கொடுத்தால் பதிவு பிடித்துத் தருவான். தொண்ணூறு நிமிடக் கசெட்டில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம் ஓடும் அல்லவா? அல்பம் நாற்பத்தொன்றில் முடிந்தால் மிச்சம் நாலு நிமிடத்தில் ஏதாவதொரு சினிமாப் பாட்டைச் செருகிவிடுவான். ஏன் இந்த அநியாயம் என்று கேட்டேன். "எடம் சும்மா கெடக்கே சேர். நாடாவுக்கு ஆக்கள் சல்லி குடுத்திருக்காங்க" என்று பல்லைக் காட்டினான். கோயிலில் கும்பிட்டு வெளியே வருகிறவன் வாயில் கருவாட்டைத் திணிப்பது போன்ற வேலை. நான் அப்படிச் செய்வதில்லை. கடைசி ஸ்வரம் அடங்கியதும் நிறுத்துவேன். மிச்ச நாடாவைத் தொட மாட்டேன். இருபது வருடப் பழக்கம் அது. இதை மறந்துவிடாதீர்கள், பிறகு வரும்.

ராமநாதன் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, தகரக் கூரைக்குக் கீழே தாயோடு இருந்தான். தாய் அழகாயி பஸ் நிலையத்தில் வெற்றிலை விற்பவள். தகப்பன் இல்லை. தம்புள்ளையில் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றுவது அவன் தொழில். கிழமைக்கு ஒருநாள்தான் வீட்டுக்கு வருவான். தொண்ணூற்றாறில் ஒருநாள் என் ஜன்னலுக்கு வெளியே நின்று முழு அல்பத்தையும் கேட்டுவிட்டுக் கதவைத் தட்டினான். இருபத்திரண்டு வயது. தோளில் மூட்டைத் தழும்பு.

"ஐயா, அந்தாளு என்ன பாடுறாருன்னு புரியலீங்க. ஆனா நெஞ்சப் பிசையுதுங்க" என்றான்.

புரியாமல் பிசைந்தால் அது வாய்வாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த கிழமையும் வந்தான். விடாக்கண்டன். கடைசியில் மாதம் ஒன்றாகப் பன்னிரண்டையும் வரிசைப்படி பிடித்துக் கொடுத்தேன். ஒருவருக்குமே கற்பிக்காத விஷயம் மூளையில் புளித்துப்போகும், அதற்காகத்தான். வஹகோட்டைக் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் யாரோ கழித்துவிட்ட கிட்டார் ஒன்றை வாங்கி வந்தான். ஒரு கம்பி கிடையாது. நானும் ஒரு கிட்டார் வைத்திருக்கிறேன், எழுபத்தெட்டிலிருந்து. மற்றவர்களுடையதை வாசிப்பேன். சொந்தமாக ஒன்றும் செய்ததில்லை. குப்பையைக் கூட்ட விரும்பாதவன் நான்.

தொண்ணூற்றேழு ஓகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, அவன் கிட்டாரோடு வந்து தான் கட்டிய பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினான். தமிழில், அவர்கள் வீட்டில் பேசுகிற அதே தமிழில். 'மூட்டைக்கெல்லாம் ஊர் பேரு எழுதியிருக்கு, தூக்குறவனுக்கு எங்க எழுதியிருக்கு' என்று ஆரம்பம். இல்லாத கம்பியின் இடத்தில் விரலால் பலகையைத் தட்டினான். முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"ஐயா, இது உங்க லிஸ்ட்ல சேருங்களா?"

"முதல்ல கிட்டாரைச் சுருதி சேரும்" என்றேன்.

சிரித்தான். கோபமே வரவில்லை அவனுக்கு. "சரிங்கய்யா, அடுத்த வாரம் நாயித்துக்கெழம மொத்தத்தையும் கசெட்ல புடிச்சுக் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை மூன்று பேர் கந்தோருக்கு வந்தார்கள். எந்தப் பிரிவு என்று சொல்லவில்லை. தபாலில் அருந்ததியின் பார்சலைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். கசெட்டுகளில் என்ன இருக்கிறது, உன்னோடு சேர்ந்து யார் கேட்பது என்று சிங்களத்தில் கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஒருவர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் நான் வரைந்த படத்தைப் பார்த்து நல்லாயிருக்கிறது என்றார். அடி இல்லை, உதை இல்லை. ஒருவரும் இல்லை, நான் தனியாகத்தான் கேட்பேன் என்று சொல்லியிருந்தால் எழும்பிப் போயிருப்பார்கள் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். நான் ராமநாதனின் பெயரைச் சொன்னேன். கிழமைதோறும் தம்புள்ளையிலிருந்து வருகிறான், வடக்கு லொறிக்காரர்களோடு பழக்கம், கசெட் கொண்டு திரிகிறான் என்றேன். மூன்றும் உண்மை. நான் பொய் பேசுவதில்லை.

அந்தக் கிழமை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, நம்பர் தகடு இல்லாத வான் வண்டியில் வந்தார்கள். வீட்டைக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். தாய் பஸ் நிலையத்தில். உள்ளே கிட்டார்ச் சத்தம் கேட்டது. நாங்கள் கூப்பிட்டால் பின்பக்கத்தால் ஓடிவிடுவான், நீ கூப்பிடு என்றார் பிளேன்டீ குடித்தவர். கூப்பிட்டேன். வந்தான். அவ்வளவுதான். வான் கிளம்பும்போது நான் வீட்டுக்கு நடந்துவிட்டேன். அவர்கள் அவனை என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

நாற்பது நாள் கழித்து அழகாயி என் வாசலில் நின்றாள். சேலைத் துணியில் ஒரு ரேடியோ கசெட் செட்டைச் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஐயா, அவன் பாடிப் புடிச்சது இதுக்குள்ளாறதான் இருக்குங்க. அமுக்கினா அழிஞ்சிருமோன்னு நான் தொடவே இல்லீங்க. நீங்கதான் இதுல கெட்டிக்காரர்னு புள்ள சொல்லுவான். இன்னொண்ணுல புடிச்சுக் குடுங்கய்யா. இது அந்து போச்சுன்னா எனக்கு எம்புள்ள கொரலு இல்லாமப் போயிரும்."

"வைச்சிட்டுப் போங்கோ. வெள்ளிக்கிழமை வாங்கோ" என்றேன்.

அன்று பின்னேரமே கேட்டேன். ஐந்து பாட்டு. தகரத்தில் மழைத் தூறல், தூரத்தில் ஒரு லொறி கியர் மாற்றுவது, எல்லாம் உள்ளே. ஐந்தாவது முடிந்து கிட்டாரைச் சுருதி சேர்க்கிறான். நான் சொன்னதைக் கேட்டுச் சுருதி சேர்க்கிறான். பிறகு கதவு. செட்டை நிறுத்தாமலே எழும்பிப் போயிருக்கிறான், நாடா பக்கம் முடியும்வரை ஓடியிருக்கிறது. ஒரு தடவைதான் கேட்டேன். இரண்டாம் தடவை கேட்குமளவுக்குத் தரம் இல்லை என்று அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறகு அதே கசெட்டை என் டெக்கில் போட்டு, அதன் மேலேயே முதலாவது அல்பத்தைப் பதிவு செய்தேன். சாம்பல் அட்டை, வெற்று நாற்காலி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அந்த அல்பத்தை வேறு விதமாகக் கேட்க முடியாது. கடைசி ஸ்வரம் அடங்கியது. நிறுத்தினேன். வழக்கம்போல லேபலில் அல்பத்தின் பெயரை எழுதினேன்.

அழகாயியிடம் உண்மைக்கு நெருக்கமாகவே சொன்னேன். இதில் உங்கட மகன்ர பாட்டு இல்லை, அவனுக்கு விருப்பமான இங்கிலீஷ் பாட்டுத்தான் இருக்கு என்றேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் காதுல கேட்டதுதானுங்களே, அது போதுங்கய்யா" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஒரு மாதம் கழித்து பஸ் நிலையத்தில் என்னைக் கண்டு எழும்பி நின்றாள். "அந்தக் கசெட்டு நல்லாருக்குங்கய்யா. தெனமும் போடுறேன். கடைசி வரைக்கும் கேக்குறேங்க" என்றாள். எனக்கு மனம் குளிர்ந்தது. நல்ல அல்பத்தைக் கொடுத்தால் வெற்றிலைக்காரிக்குக்கூட ரசனை வரும் என்று அப்துல் ஸமத்திடம் போய்ச் சொன்னேன். ஆறு வருடமாக அவள் என்னைக் கண்ட இடமெல்லாம் எழும்பி நின்றிருக்கிறாள். 'ஐயா சொகந்தானுங்களா' என்று கேட்டிருக்கிறாள். நன்றியுள்ள சனம் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்று காலை நீங்கள் பையைத் திறந்தபோது, அழகாயி உங்களிடம் கொடுத்த அந்தக் கசெட்டைக் கண்டேன். அதன் லேபலில் இருப்பது என் கையெழுத்து. அப்போதுதான் மிச்ச நாடா ஞாபகம் வந்தது. நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில் நாலு நிமிடம். நீங்கள் போட்டுக் காட்ட வேண்டியதில்லை, அதில் என்ன இருக்கிறது என்று நானே சொல்கிறேன். கொஞ்சம் சுருதி சேர்க்கிற சத்தம். கதவு தட்டுகிற சத்தம். பிறகு, "ராமநாதன், வெளியில வாரும், புதுக் கசெட் ஒண்டு கொண்டு வந்திருக்கிறன்." அது நான். "இந்தா வர்றேங்கய்யா." அது அவன். அதற்குப் பிறகு வான் கதவும் மழையும். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான். சொல்ல ஓர் ஆள் வரும்வரை அவள் ஆறு வருடம் வாயைத் திறக்காமல் எழும்பி நின்றிருக்கிறாள். நான் அவளைக் குறைவாக மதித்துவிட்டேன்.

ஆமாம், நான்தான் பெயர் கொடுத்தேன், நான்தான் கூப்பிட்டேன், நான்தான் அழித்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்காமல் இருக்கிறீர்கள், பயத்தில் செய்தேன் என்று போட்டுவிடுவீர்கள். அப்படிப் போடாதீர்கள். எனக்குப் பயமிருக்கவில்லை.

அதோடு முதலில் சொன்ன கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. பன்னிரண்டை வெட்டிப் பதின்மூன்று என்று திருத்துங்கள். பதின்மூன்றாவது முழுதாக இருந்தபோது அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். அவனுடைய பாட்டை விஷயம் தெரிந்த ஒருவர் கேட்டிருக்கிறார் என்று அந்தத் தாயிடம் சொல்லுங்கள், அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.