முன்னால் போன சட்டை

— கையை விடுங்க முதல்ல. கோயில் வாசல்ல எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும். விட்டா மறுபடி யார் பின்னாடியாவது போய் பஸ் ஏறிடுவ. நல்லாருக்கு கதை! புருஷனோட கோயிலுக்குன்னு கடல் தாண்டி வந்துட்டு, கூட வந்த பேக்கரிக்காரரோட ஏரி பாக்கப் போயிருக்கா.

— அவரோட நான் எங்கங்க போனேன்? அவர் சட்டை பின்னாடி போனேன்.

— சட்டையாம் சட்டை! கிளம்பறப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், யாத்திரைக்கு வர்ற ஆம்பளைங்க அத்தனை பேருக்கும் ஒரே துணியில தைக்காதேன்னு.

— யாரும் கூட்டத்துல தொலைஞ்சுடக் கூடாதுன்னுதானே, ஸ்வெட்டருக்கு மேல போடற மாதிரி தச்சேன்?

— தச்சவளே தொலைஞ்சுட்ட.

— அதை விடுங்க. நீங்க மனுஷர் மாதிரி நடந்தா நான் ஏன் தொலையறேன்? கல்யாணமான நாள்லேர்ந்து தெருவுல உங்க முதுகைத்தான் பாத்திருக்கேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இவ வர்றாளா இல்லையான்னு திரும்பிப் பாத்திருக்கீங்களா?

— தபால்காரன் நடை அது. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு திரும்பிப் பாத்துட்டிருந்தா எப்பப் பட்டுவாடா பண்றது?

— இங்க யாருக்குங்க பட்டுவாடா?

— சரி, ஏறினதுதான் ஏறின. உக்காந்தப்புறமாவது மூஞ்சி தெரியலையா?

— அவர் முன் சீட்டு, நான் பின் சீட்டு. முதுகைத் தட்டி, ‘மாத்திரை போட்டீங்களா’ன்னு கேட்டேன். திரும்பி, ‘போட்டேம்மா’ன்னாரு. அதுக்குள்ள பஸ் மலை ஏறிடுச்சு.

— பேக்கரிக்காரர் உடம்பென்ன, என் உடம்பென்ன! அவர் உக்காந்தா சீட்டு முனகும். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து என்னைக் கொடியிலயே காயப் போடலாம். உனக்கா வித்தியாசம் தெரியல?

— கூட்டத்துல என்னத்தங்க தெரியுது. எப்படியும் காலைல ஏரிக்குப் போன பஸ் மத்தியானம் கோயிலுக்கு வரணும், காலைல கோயிலுக்கு வந்தது ஏரிக்குப் போகணும்னுதானே ஏற்பாடு? வந்துடலாம்னு தைரியமாத்தான் இருந்தேன். பாதி வழியில டயர் போச்சு பாருங்க, அப்பதான் உசுரே போச்சு. கோயில் கதவு சாத்திடுவாங்களேன்னு. நாளைக்கு ஊருக்கு விமானம்.

— ஒரு போன் பண்ணக் கூடாது?

— மலை மேல போன்ல சிக்னல் கோடே வரலைங்க. ஏரியெல்லாம் உறைஞ்சு கண்ணாடியாட்டம் கிடக்கு. பேக்கரிக்காரர் அது மேல வழுக்கி உக்காந்துட்டாரு. நாலு பேர் சேர்ந்து எழுப்பினோம்.

— சிரிக்காத. எனக்கு வர்ற கோவத்துக்கு...

— நீங்க உள்ள போய்ச் சாமி கும்பிட்டாச்சா?

— இல்ல.

— ஏங்க? உங்க பஸ்ஸு காலைலயே வந்துடுச்சே!

— என்னை ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிட்டுப் போனப்ப நீதானே வேண்டிக்கிட்ட, பிழைச்சு வந்தா ஜோடியா இந்த வாசப்படி ஏறறோம்னு? நான் மட்டும் எப்படி ஏறுவேன்? முதல் படியில கால் வச்சேன். திரும்பிப் பாத்தேன்.

— திரும்பிப் பாத்தீங்களா?

— பாத்தேன். நீ இல்ல. ஓடின ஓட்டத்துல ஒரு ஷூ எங்கயோ போச்சு. இந்த ஊர் போலீஸ்காரங்களுக்கு நான் பேசறது புரியல. என்னைத்தான் யாரோ தொலைச்சுட்டாங்கன்னு நினைச்சு வண்டியில ஏத்திட்டாங்க. நம்ம வழிகாட்டித் தம்பி ஓடி வந்துதான் இறக்கினாரு.

— ஐயய்யோ!

— அம்மா! வந்துட்டீங்களா? வயித்துல பாலை வாத்தீங்க. வழிகாட்டியா எத்தனையோ கூட்டத்தைக் கூட்டிட்டு வந்திருக்கேன், இன்னிக்கு மைக்ல வெக்கப்பட்ட மாதிரி என்னிக்கும் பட்டதில்லம்மா.

— தம்பி, அதெல்லாம் இப்ப எதுக்கு?

— இருங்க ஐயா, அம்மா கேக்கட்டும். மைக்ல அறிவிக்கணும், உங்க அடையாளம் சொல்லுங்கன்னேன். சேலை நிறம் கேட்டா முழிக்கறாரு. ஆனா, இடது புருவத்துல இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு, சிரிச்சா ஒரு கன்னத்துல மட்டும் குழி, ஊசியில நூல் கோக்கறப்ப நாக்கு நுனி வெளிய எட்டிப் பாக்கும். அத்தனையும் இந்த ஊர் பாஷையில சொல்ல வச்சுட்டாரு. அப்புறம், நடந்தா வலது கால் செருப்பு மட்டும் சத்தம் போடுமாம்.

— அது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?

— பின்ன? அதைக் கேட்டுக்கிட்டேதானே முன்னாடி நடக்கறேன். சத்தம் நின்னா நானும் நின்னுடுவேன், வேட்டியைச் சரி பண்ற மாதிரி. காதுல விழறப்ப எதுக்குத் திரும்பிப் பாக்கணும்? இங்க குளிருக்குன்னு நீ பூட்ஸ் மாட்டிக்கிட்ட. பனியில சத்தமே இல்ல. அதான் கோட்டை விட்டுட்டேன்.

— இத்தனை நாள் இதைச் சொல்லவே இல்லையே நீங்க.

— கேட்டியா நீ?

— அம்மா, அழறதெல்லாம் உள்ள போய் அழுங்க. கதவு சாத்தற நேரம். காவலாளி மைக்ல கேட்டுட்டு, அந்தம்மா வர்ற வரைக்கும் பாதிக் கதவு திறந்திருக்கும்னுட்டாரு. படி குறுகல், ஒருத்தர் பின்னாடி ஒருத்தராத்தான் ஏறணும். ஓடுங்க!

— நீ முன்னாடி போ. வாசப்படியில சேர்ந்துக்கலாம்.

— நானா? முன்னாடியா?

— போடீ. இன்னிக்கு ஒரு நாள் உன் முதுகை நான் பாத்துட்டு வர்றேன்.

— ஏங்க, வர்றீங்களா?

— வர்றேன், வர்றேன். வழுக்கப் போகுது, பாத்து ஏறு.

— ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?

— சாமி வாசல்ல என்ன கோவம்? சொல்லு.

— பேக்கரிக்காரருக்குத் துணி பத்தாம, முதுகுல வேற நிறத்துல ஒட்டுப் போட்டுத் தச்சிருந்தேங்க. பஸ்ல ஏறறப்பவே தெரியும், அது நீங்க இல்லன்னு. இன்னிக்காவது திரும்பிப் பாக்கறீங்களான்னுதான்...