வாசனை நின்று கால் மணி நேரம்

ஹலோ... ஹலோ, ஆமா, தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆலோசனை ஆபீஸ்தான்... ஆமா... ஆமா, குரல் தெரியுது. தோல் ஆலை சூப்பர்வைசர் சார்தானே? போன வாரம் எங்க சாரோட வந்திருந்தேனே, நோட்டு வச்சுக்கிட்டுப் பின்னாடியே நடந்தேனே... ஆமா, அந்த ஊமைப் பொண்ணுதான்... பரவாயில்ல சார், வீட்லயும் அப்படித்தான் சொல்றாங்க.

...எங்க சார் இல்லீங்க. பல் டாக்டர்கிட்ட போயிருக்கார்... இல்ல, அவர் ஃபோனுக்குப் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. வாய் திறந்துதான் இருக்கும். பேசத்தான் முடியாது.

...தெரியும் சார். அவருக்கு முப்பது வருஷம், எனக்கு மூணு மாசம். அதுல ஆறு வாரம் பயிற்சி, மீதி ஆறு வாரம் ஃபைல் அடுக்கினது... சரி, என்ன விஷயம்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்... ம்... ம்...

...கழிவுத் தண்ணித் தொட்டியில பம்ப் அடைச்சுக்கிச்சு. ம். மெக்கானிக் உள்ள இறங்கணும்... யாரு, உங்க மருமகனா? உங்க பொண்ணைக் கட்டினவர்... சரி, சரி... பதிவேட்டுல 'ஆலோசகரைக் கேட்டாச்சு'ன்னு எழுத ஒரு பேர் வேணும். அவ்வளவுதானா... என் பேரா? எழுதலாம்... இருங்க, ரிப்போர்ட்டை எடுத்துக்கிறேன்...

...ஆமா, ஏழாம் பக்கம். 'வாசனை நின்று கால் மணி நேரம் கழித்து இறங்கலாம்.' அதேதான் சார்... ஆமா, பதினோரு வருஷமா அதே வரிதான். பழைய ரிப்போர்ட்டுல இருந்து நான்தான் புதுசுக்கு டைப் பண்ணேன்.

...காலையில அழுகின முட்டை நாத்தம், நிக்கவே முடியல. ம். இப்ப சுத்தமா இல்ல... நல்லது. நல்லது சார். அப்போ என் பேரு...

சார், ஒரு நிமிஷம். எப்படிப் போச்சு?... இல்ல, நாத்தம்தான். கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுதா, இல்ல சட்டுனு...

...சுவிட்சை அணைச்ச மாதிரி.

...இல்ல சார், லைன்ல இருக்கேன். யோசிக்கிறேன்... இன்னிக்கு ஆசிட் தண்ணி எந்தத் தொட்டிக்குப் போச்சு?... தெரியும், தனித் தொட்டி. வழக்கமா. இன்னிக்கு?... பம்ப் ஓடாததால எல்லாத்தையும் ஒரே தொட்டிக்குத் திருப்பி விட்டீங்க. முடி உரிக்கிற சல்ஃபைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணியும் அதுலதான் நிக்குதா?... ரெண்டும் சேர்ந்து. எத்தனை மணியில இருந்து?

...சார், யாரும் இறங்க வேண்டாம்.

...இல்ல... இல்ல சார்... ஆமா, எங்க சார் எழுதினதுதான்... ஆமா, முப்பது வருஷம்... ஆமா, நான் நேத்து வந்தவதான்... பாப்பான்னு கூப்பிடுங்க, என்னன்னு வேணாலும் கூப்பிடுங்க. ஆனா கேளுங்க. அந்த ரெண்டு தண்ணியும் சேர்ந்தா வர்ற முட்டை நாத்த வாயு, கொஞ்சமா இருந்தாத்தான் நாறும். அதிகமாயிட்டா நாறாது. மூக்குல இருக்கிற நரம்பை முதல்ல அமுக்கிரும்... புஸ்தகத்துல இருக்கிறதுதான். எனக்கு புஸ்தகம்தான் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது, ஒத்துக்கிறேன்.

...பதினோரு வருஷமா ஒண்ணும் ஆகல. நிஜம்தான். அந்தப் பதினோரு வருஷமும் நாத்தம் நிஜமாவே போச்சு. இன்னிக்குப் போனது நாத்தம் இல்ல சார். உங்க மூக்கு.

...சிரிங்க. பரவாயில்ல. உங்க மேஜை டிராயர்ல வாயு அளக்கிற மஞ்சள் மீட்டர் ஒண்ணு இருக்கு. போன வாரம் பார்த்தேன்... ஆமா, எப்பப் பாரு கத்துதுன்னு அணைச்சு வச்சதுதான். போடுங்க. ஒரே தடவை... ம்...

...கேக்குது. எனக்கே கேக்குது அந்தச் சத்தம். என்ன காட்டுது?... நூறு. அசையலையா?... கெட்டுப் போகல சார். அதோட அளவுகோல் நூறு வரைக்கும்தான். அதுக்கு மேல எவ்வளவு இருந்தாலும் அதுக்குச் சொல்லத் தெரியாது... இல்ல, தொட்டிகிட்ட போய்ப் பாக்க வேண்டாம். உங்க ரூம்லயே நூறுன்னா... தொட்டி எவ்வளவு தூரம்?... இருபது அடி. ஜன்னல் திறந்திருக்கு.

சார், வெளிய வந்துருங்க. ஃபோனை எடுத்துக்கிட்டு... ஓ, வயர் ஃபோன். கைபேசி?... கேட்லயே வாங்கி வச்சுக்குவாங்களா. சரி. ஃபோனைப் போட்டுட்டு வாங்க. மருமகனையும் கூட்டிக்கிட்டு கேட் பக்கம்...

...மீட்டரை நம்ப மாட்டீங்க. மூக்கைத்தான் நம்புவீங்க. சரி. கண்ணு எரியுதா?... காலையில இருந்தா. தலை வலி?... சாப்பாட்டு டப்பாவுல என்ன மிச்சம் இருக்கு? ஏதாவது... ஆரஞ்சா. உரிங்க. தயவு செஞ்சு. பத்து செகண்டு ஆகாது. தோலை மூக்குகிட்ட வச்சு நசுக்குங்க...

...

...வருதா?

...நல்லா இழுத்துப் பாருங்க... சாறு கண்ணுல படுது, எரியுது, ஆனா வாசனை...

...ஆமா சார். அதான். அதான் சொல்றேன்... பயப்படாதீங்க, மூக்கு திரும்பி வந்துரும். நல்ல காத்துக்குப் போனாப் போதும். எழுந்திரிங்க. மெதுவா. மெக்கானிக் எங்க?... கூப்பிடுங்க... சத்தமா...

அக்கா! அக்கா, இங்க வாங்க... இல்ல, உங்ககிட்ட இல்ல சார், டைப்பிஸ்ட் அக்காகிட்ட. அக்கா, அந்த ஃபோன்ல தீயணைப்புக்குப் போடுங்க. தோல் ஆலை, கழிவுத் தொட்டி, விஷ வாயு. முகமூடி, காத்து சிலிண்டரோட வரணும்னு சொல்லுங்க. சும்மா வந்துரக் கூடாதுன்னு சொல்லுங்க... சார், இருக்கீங்களா?... மருமகன்கிட்ட இருந்து பதில் வரலையா?

...ஜன்னல்ல என்ன தெரியுது?... மூடி திறந்திருக்கு. ஏணி உள்ள இறக்கியிருக்கு... என்னது?... செருப்பு. தொட்டி ஓரத்துல அவர் செருப்பு கிடக்குது.

...சார்.

...சார், போகாதீங்க... தெரியும். தெரியும், உங்க பொண்ணு வீட்டுக்காரர்... கேளுங்க, இப்படித்தான் ரெண்டாவது ஆளும் போவாங்க. முதல் ஆளைத் தூக்கப் போய். ரெண்டு தடவை மூச்சு இழுத்தாப் போதும், கை கால் வராது. எட்டிக்கூடப் பாக்கக் கூடாது. தீயணைப்பு வராங்க. அக்கா, எத்தனை நிமிஷம்?... பன்னிரண்டு நிமிஷம் சார்...

...ஆமா, பன்னிரண்டு நிமிஷம் ரொம்ப அதிகம்தான். ஆமா.

...திட்டுங்க. நியாயம்தான். அந்த வரியை டைப் பண்ணும்போதே எனக்குத் தப்புன்னு பட்டுச்சு. பயிற்சியில மூணாவது நாளே சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா அவ்வளவு அனுபவம் உள்ளவர், நான் போய் எப்படி... வாய் வரல. காற்புள்ளியைச் சரி பண்ணேன். வரியைத் தொடல... போன வாரம் உங்க முன்னாடியே அவர் சொன்னார், 'எங்க மூக்குதான் மீட்டரு'ன்னு. நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன்...

சார்? எங்க போறீங்க? நாற்காலி சத்தம் கேக்குது... ஃபோனைக் கீழ வைக்காதீங்க... சார், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்து... சார்!

...

சார்...

...

அக்கா, ஃபோனை மேஜை மேல போட்டுட்டுப் போயிட்டார். மீட்டர் மட்டும் கத்திக்கிட்டே இருக்கு... இல்ல, நான் வைக்க மாட்டேன். நீங்க அந்த ஆலை கேட்டுக்குப் போடுங்க, ஃபைல்ல முதல் பக்கத்துல நம்பர் இருக்கு. யாரையும் உள்ள விடாதீங்கன்னு சொல்லுங்க... எடுக்கலையா? திரும்பப் போடுங்க...

...

...ஹலோ? ஹலோ! சார், திரும்பி வந்துட்டீங்களா?... யாரு?...

...மெக்கானிக்கா?

...நீங்க... நீங்க உள்ள இறங்கலையா?... கயிறு எடுக்க ஸ்டோருக்குப் போயிருந்தீங்க. செருப்பைக் கழட்டி வச்சுட்டு... ஆமா, அவர் உங்களைக் கூப்பிட்டார். கேக்கல, தெரியும், மிஷின் சத்தம்... அண்ணா, அந்த மீட்டரை விடுங்க. அது சரியாத்தான் கத்துது. முதல்ல மூச்சை... இல்ல, அந்த ரூம்ல நிக்காதீங்க...

...சூப்பர்வைசர் சாரா? இங்கதான் பேசிட்டிருந்தார்... எங்க போனார்னா...

...அண்ணா, நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் கோபப்படுங்க. நீங்க உள்ள இருக்கீங்கன்னு நினைச்சுட்டார்.

...

...இல்ல! நில்லுங்க! நில்லுங்கன்னு சொல்றேன்ல! ஒரு அடி வைக்கக் கூடாது!

...ஆமா, நான்தான் கத்துறேன். கத்துவேன்... ஜன்னல்ல தெரியுதா?... யாரும் தெரியல. ஏணி மட்டும்...

...தெரியும் அண்ணா. உங்க மாமனார். உங்க வீட்டுக்காரம்மாவோட அப்பா. எல்லாம் தெரியும். அவரும் இதையேதான் சொல்லிட்டுப் போனார், என் மருமகன்னு... கயித்தைக் கீழ போடுங்க. கயிறு மட்டும் இருந்தா ஆகாது, முகமூடி வேணும். தீயணைப்பு வந்துக்கிட்டிருக்கு, ஒன்பது நிமிஷம்... ஒன்பதுதான்...

...அழாதீங்க. அழுதா மூச்சு நிறைய இழுக்கும். அந்த ரூம்லயும் அதேதான் இருக்கு... எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல அண்ணா. உங்களை ஃபோன்லயே நிக்க வச்சா அந்தக் காத்துலயே நிப்பீங்க. ஃபோனை வைக்கச் சொன்னா தொட்டிக்குப் போவீங்க. இதுக்கு எனக்கு யாரும் சொல்லித் தரல... 

கேளுங்க. வாசலுக்கு வந்ததும் இடது பக்கம் தொட்டி, வலது பக்கம் கேட். வலது பக்கம். கேட்ல நின்னு, தொட்டிப் பக்கம் போற ஒவ்வொருத்தரையும் நீங்கதான் தடுக்கணும். வேலையாட்கள் எத்தனை பேர்?... பதினாலு பேரு. அந்தப் பதினாலு பேரும் அவரைத் தூக்க ஓடி வருவாங்க. நீங்க நிறுத்தினாத்தான் நிப்பாங்க, நான் சொன்னா நிக்க மாட்டாங்க. செய்வீங்களா?

...அண்ணா, செய்வீங்களா?

...'சரி'ன்னா எது சரி? வாய் விட்டுச் சொல்லுங்க, எந்தப் பக்கம்?

...ஃபோனை வைக்கிறதுக்கு முன்னாடி சொல்லுங்க. வலதா?... அண்ணா, எந்தப் பக்கம் போறீ...