அப்பவே தெரியும்

திருநகரிலிருந்து வந்த டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அக்கா தங்கை இரண்டு பேர். இருவருக்கும் அறுபதுக்குப் பக்கம் இருக்கும். தங்கையின் மடியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுக் கூடை. பழங்காநத்தம் தாண்டியதும் அவள் சொன்னாள்:

"எம் மகனுக்கு விதை ரெண்டும் கீழ எறங்கலைன்னு அவன் பொறந்தப்பவே எனக்குத் தெரியும்க்கா."

"டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?"

"ரெண்டு வயசுக்குள்ள ஆபரேசன் பண்ணணும்னாரு. வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு விட்டுட்டேன்."

"அப்புறம் எதுக்குடி ஏழு வருசமா மருமகளை மலடின்னு வஞ்ச? அழகர்கோவிலுக்கு எத்தனை தடவ நடக்கவிட்ட!"

தங்கை மடியிலிருந்த கூடையைச் சரியாக வைத்துக்கொண்டாள்.

"வயித்துக்குள்ளயே தங்குன விதையில இப்பக் கட்டியாம்க்கா. கேன்சருங்கிறாங்க."

செல்போன் அடித்தது. ஸ்பீக்கரில் மருமகளின் குரல் எனக்கும் கேட்டது.

"அத்தை, சின்ன வயசுல இதை யாருமே கவனிக்கலையான்னு டாக்டர் கேக்குறாரு."

அக்கா தங்கையின் முகத்தையே பார்த்தாள்.

"இல்லத்தா, எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதே. இந்தா வந்துட்டேன். உனக்கும் சேத்துத்தான் சோறு கொண்டு வாரேன்."