தள்ளினா நிக்கும், இழுத்தா ஓடும்

இல்ல தம்பி, உக்காந்தா இன்னும் படபடப்பா இருக்கும், நான் இப்படியே நிக்கிறேன். நீங்க உக்காருங்க. அந்த நீலக் கார் இப்ப எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. கூம்பெல்லாம் வெச்சிருக்காங்களே, அதுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? சரி. எதையும் இடிக்கல இல்ல? சரி, சரி.

ஓட்டுறது என் வீட்டுக்காரி. ஆமா, இந்த வயசுலதான் லைசென்ஸ். பக்கத்துல உக்காந்திருக்கறவர் டெஸ்ட் எடுக்கிற ஆய்வாளர். சிரிக்கவே மாட்டாராம், பொறக்கும்போதே சீட் பெல்ட் போட்டுக்கிட்டுப் பொறந்தவர்னு எங்க பயிற்சி வாத்தியார் சொன்னார். உங்க பொண்ணுக்கும் அவர்தானா? பயப்படாதீங்க. உங்க பொண்ணுக்குக் கால் பெடலுக்கு எட்டுது, பாதிக் கவலை அங்கயே தீந்துச்சு.

இவளுக்குச் சின்னப் பிள்ளையில வந்த காய்ச்சல், ரெண்டு காலையும் எடுத்துக்கிட்டுத்தான் போச்சு. அன்னையிலேர்ந்து சக்கர நாற்காலிதான். ஆனா அவ கையைப் பாக்கணுமே. கோர்ட்டுல தட்டச்சு பண்றவ. வக்கீல் வாய மூடறதுக்குள்ள இவ முற்றுப்புள்ளி வெச்சிருப்பா. அதனால காருலயும் எல்லாத்தையும் கைக்கே கொண்டுவந்தாச்சு. ஸ்டியரிங்ல ஒரு குமிழ், அதைப் பிடிச்சு ஒரு கையாலயே சுத்தலாம். இன்னொரு கைக்கு ஒரு நெம்புகோல். இழுத்தா வண்டி ஓடும், தள்ளினா பிரேக். கியர் தானா மாறிக்கும். பட்டறைக்காரர் மாட்டிக் கொடுத்த அன்னிக்கு அவ அதைத் தடவிப் பாத்த விதம் இருக்கே, புது நகையக்கூட அவ அப்படித் தொட்டு நான் பாத்ததில்ல.

இப்ப எங்க? திரும்பிட்டாளா? விளக்குப் போட்டுட்டுத் திரும்பினாளா? நல்லது.

வம்பு எங்க வந்துச்சுன்னா, எங்க யாருக்குமே முன்கூட்டித் தோணாத ஒரு இடத்துல. நாற்காலியில போறவங்க கைக்கு என்ன பழக்கம்? சக்கரத்த முன்னால தள்ளினா போகும், பின்னால இழுத்தா நிக்கும். காருல அது அப்படியே தலைகீழ். நிதானமா ஓட்டும்போது எல்லாம் சரியாத்தான் பண்ணினா. ஒரு நாள் பூனை ஒண்ணு குறுக்க வந்துச்சு, அவ்வளவுதான், மூளை சொல்றதுக்கு முந்தி கை இழுத்துடுச்சு. தொட்டில் பழக்கம்னு சும்மாவா சொன்னாங்க. வண்டி பாஞ்சு போய் எதிர்வீட்டுக் கதவுல முட்டித்தான் நின்னுச்சு. பூனை தப்பிச்சுது. எதிர்வீட்டம்மா வெளிய வந்து, ஏங்க, மணிய அடிச்சிருந்தா நானே திறந்திருப்பேனேன்னா.

அப்புறம் என்ன, சாவியத் தொடவே மாட்டேன்னுட்டா. என்னங்க, இத்தனை காலம் நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க, இனிமேலும் நீங்களே ஓட்டுங்க, எனக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்புன்னா. நியாயம்தான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கோர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டதும் நான், கூட்டிட்டு வந்ததும் நான். ஆனா நான் விடல. உனக்குன்னு ஒரு சுதந்திரம் வேணாமா, நினைச்ச நேரத்துல நினைச்ச இடத்துக்குப் போக வேணாமான்னு மேடைப் பேச்சாளர் மாதிரி முழங்கினேன். முழங்கால் வலிக்குது, என்னால பெடலை மிதிக்க முடியலன்னும் ஒரு போடு போட்டேன். அதுக்கு அவ, அப்படின்னா நீங்களும் கையாலயே ஓட்டுங்க, அதுக்குத்தானே நெம்புகோல் இருக்குன்னா. கோர்ட்டுல வேலை பாக்கறவகிட்ட வாயக் கொடுத்து ஜெயிக்க முடியுமா.

விட்டேனா பாருங்க. சாப்பாட்டு மேசையில உக்காந்திருக்கும்போது ஒரு பூரிக்கட்டையக் கையில கொடுப்பேன். நான் பூனைன்னு கத்தினா அவ தள்ளணும். தலை வாரிக்கிட்டு இருப்பா, பூனைம்பேன். டெலிபோன்ல அவ தங்கச்சியோட பேசிக்கிட்டு இருப்பா, அப்பவும் பூனை. ஒரு நாள் காதுகிட்டப் போய்க் கத்தினேன். திரும்பிக்கூடப் பாக்காம என் நெஞ்சுல கை வெச்சு ஒரே தள்ளு. நான் சோபாவுல போய் விழுந்தேன். தம்பி, அன்னிக்குத்தான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு.

இருங்க, நேர் பாதைக்கு வந்துட்டாளா? அங்கதான் அவர் திடீர்னு நிறுத்தச் சொல்லுவார். வேகம் பிடிக்கிற சத்தம் கேக்குதே. வேலி பக்கமாவா போகுது? என்ன ஆச்சு? சொல்லுங்க தம்பி, சட்டுனு சொல்லுங்க. நின்னுடுச்சா? வேலிக்கு எட்டத்துலயா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

தள்ளிட்டா.

கொஞ்சம் உக்காந்துக்கறேன், நகருங்க.

என்ன கேட்டீங்க? நானே பாக்காம ஏன் உங்களைப் போட்டு இந்தப் பிடுங்கு பிடுங்குறேன்னா? பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நேரா பாத்தா நடுவுல புகை படிஞ்ச மாதிரி ஒண்ணு நிக்குது, கார் அதுக்குள்ள போயிடுது. முகத்தைத் திருப்பினா ஓரத்துல கொஞ்சம் நீலமாத் தெரியும். உங்க முகமும் அப்படித்தான், தப்பா நினைக்காதீங்க. ரெண்டு கண்ணுலயும் பரவுது, போனது திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அன்னிக்கே வண்டி ஓட்டுறத விட்டுட்டு, நேரா பட்டறைக்காரரைப் போய்ப் பாத்தேன்.

அவகிட்டயா? இன்னும் சொல்லல. சொன்னா வேலைய விட்டுட்டு என் பக்கத்துல வந்து உக்காந்துடுவா. அப்புறம் ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் காவல் காத்துக்கிட்டுக் கிடக்கணும். நாற்காலிய மடிச்சுத் தானே காருக்குள்ள இழுத்துப் போட்டுக்கவும் பழகிட்டா. கோர்ட்டுக்குத் தனியாப் போய்ட்டு வரட்டும், அந்த ருசி ஒட்டிக்கட்டும், பக்குவமா நானே சொல்லிக்கறேன்.

ஹாரன் அடிக்கிறது அவதான். கட்டை விரலைத் தூக்கிக் காட்டுறாளா? அப்ப ஜெயிச்சுட்டா. கை வேற ஆட்டுறாளா? எந்தப் பக்கம்னு சொல்லுங்க தம்பி, நானும் ஆட்டணும்.