சவேத்தா கவிழ்த்த வாளி

இரவு மணி இரண்டு. பன்றிப் பண்ணையிலிருந்து ஊருக்கு வரும் மண்சாலை... விளக்கு கிடையாது. குரைக்க ஒரு நாய்கூடக் கிடையாது. கதவைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள். தீவனக் கடையில் என் கூட்டாளி நிகு இருக்கிறானே, அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணன் டோரினுக்கு நடந்தது இது. நிகு பேரத்தில் பொய் சொல்வான். இதில் சொல்லமாட்டான்.

டோரின் அப்போது பண்ணையில் கழிவு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஆயிரக்கணக்கான பன்றிகள் கழிப்பதையெல்லாம் ஒரு குளமாகத் தேக்கி வைத்திருப்பார்கள். அதை டாங்கரில் உறிஞ்சி, ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் பீய்ச்சிவிட்டு வர வேண்டும். பகலில் செய்தால் ஊர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வரும், அதனால் இரவில். உரம் என்று பெயர். மண் போதும் போதும் என்றாலும் விடுவதில்லை... குளம் நிரம்பிக்கொண்டே இருக்கிறதே, பன்றியிடம் போய் நிறுத்து என்று சொல்ல முடியுமா?

அன்றிரவு கடைசி நடை முடித்துத் திரும்பினான். ஊர் முனையில் அவன் வீடு, வாசலில் கிணறு. லாரி வெளிச்சம் கிணற்றின்மேல் விழுந்தபோது... அங்கே ஒரு பெண். தலையில் கறுப்புத் துணி. சுவர்மேல் இருந்த நிறைவாளியை இரண்டு கையாலும் தள்ளினாள்.

ணங்!

தண்ணீர் சாலைவரை ஓடியது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

அவன் அம்மா சவேத்தா. பனிக்காலத்தில் புதைத்த அம்மா.

வீட்டுக்குள் அவன் மனைவி லியா குழந்தையைத் தோளில் போட்டு உலாத்திக்கொண்டிருந்தாள். இலிங்கா. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து வந்த ஒரே உயிர். லியாவுக்குத் தாய்ப்பால் ஊறவில்லை. கடைத் தண்ணீரில் பால்மாவு கலந்து கொடுத்துவந்தாள்.

"அம்மாவப் பாத்தேன். வாளியக் கவுத்துட்டு நிக்கிறாங்க."

"குடிச்சிட்டு வந்தியா?"

"குடிச்சிருந்தா பரவால்லயே..."

காலையில் பெரியம்மா ருக்சாந்தா வந்து சேர்ந்தாள், சவேத்தாவின் அக்கா. அந்த ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம். செத்தவருக்கு மேலுலகில் தாகம் எடுக்கக்கூடாதென்று, அவர் பேரைச் சொல்லித் தினமும் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து கொடுக்க வேண்டும். டோரின் இரவெல்லாம் லாரி ஓட்டிப் பகலெல்லாம் தூங்குகிறவன். கடையில் பாட்டில் தண்ணீர்க் கட்டுகளை வாங்கி, ஒரே நடையில் பக்கத்து வீட்டில் இறக்கிவிட்டு வந்திருந்தான்.

"ஏன்டா, செத்தவளோட மொத்த வியாபாரமா பண்ணுன?" ருக்சாந்தா பிடித்துக்கொண்டாள். "என் தங்கச்சி மேலோகத்துல உக்காந்து மூடி திருகிட்டு இருப்பாளா? அவளுக்கு வீட்டுக் கிணத்துத் தண்ணி வேணும். அவ ஆசப்பட்ட உசுரு குடிக்கணும். அப்பத்தான் தாகம் அடங்கும்."

ஆசைப்பட்ட உயிர் தொட்டிலில் கிடந்தது.

"கிணத்துல நைட்ரேட்டு இருக்கு, குடிக்காதீங்கன்னு பலகை வெச்சிருக்காங்களே, பெரியம்மா..." என்றாள் லியா.

"கொதிக்க வெச்சா எது உசுரோட இருக்கும்? இதக் குடிச்சுத்தான் நான் இந்த அழகுக்கு வந்தேன்!" ருக்சாந்தா தன் இடுப்பைத் தட்டிக் காட்டினாள். பயத்திலும் லியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றிலிருந்து பால்மாவுக்குக் கிணற்றுத் தண்ணீர். நன்றாகக் கொதிக்கவைத்து, சவேத்தா பேரைச் சொல்லி.

ஆனாலும் இரவுதோறும்... ணங்!

ருக்சாந்தா வாளியைச் சங்கிலியால் கட்டிவைத்தாள். அன்றிரவு சத்தம் சமையலறையில் கேட்டது. லியா ஓடினாள். கொதித்த நீர்ப் பாத்திரம் தரையில் குப்புறக் கிடந்தது. ஆவி இன்னும் அடங்கவில்லை. தோண்டிய மண்ணின் ஈர வாசனை. தொட்டிலடியில் பால்புட்டி சுக்குநூறாக...

"அத்தே, உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று இருட்டைப் பார்த்துக் கத்தினாள். "என் புள்ளைய விட்டுடுங்க!"

"தாகம் அடங்கல," என்றாள் ருக்சாந்தா. "இன்னும் கூடக் குடு."

கொடுத்தார்கள்.

ஒரு விடியலில் டோரின் வேலை முடிந்து வந்தபோது குழந்தையின் உதடு பிளம் பழத்தோல் நிறத்தில் இருந்தது. நகங்களும் அப்படியே. குளிராக இருக்கும் என்று போர்வையைச் சுற்றினார்கள். பிறகுதான் திமிஷோரா நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டம்.

டாக்டரம்மா ஊசியில் ரத்தம் இழுத்தார். சிவப்பாக இல்லை... சாக்லேட் மாதிரி பழுப்பு.

"பாலை எந்தத் தண்ணில கலக்குனீங்க?"

"கிணத்துத் தண்ணி. கொதிக்க வெச்சுத்தான், டாக்டர்."

"கொதிச்சா கிருமி சாகும். இது கிருமி இல்லம்மா. வயல்ல ஊத்துற பன்னிக் கழிவுலேர்ந்து மண்ணு வழியா இறங்குன நைட்ரேட். கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வத்தும், இது வத்தாது. பச்சப்புள்ள ரத்தம் மூச்சுக்காத்தைச் சுமக்க முடியாமப் போயிடும்."

வயலில் ஊற்றியது யார் என்று அவர் கேட்கவில்லை. டோரின் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அந்தச் சாயங்காலத்தை இலிங்கா பார்க்கவில்லை.

கிணற்றைக் கான்கிரீட் போட்டு மூடினார்கள். சவேத்தாவை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. டோரின் லாரிச் சாவியைப் பண்ணை வாசலில் வீசிவிட்டு வந்தான்; மறுநாளே வேறொருவன் எடுத்து ஓட்டினான்.

ஆனால் இத்தனை வருஷம் கழித்துப் போன வாரம் நிகு அங்கே தங்கிவிட்டு வந்தான். விடியலில் அந்தக் கான்கிரீட் மூடிமேல் ஈரக் காலடிகள் இருக்கின்றனவாம். ஒன்று கிழவியுடையது. பக்கத்தில்... சின்னது. இலிங்கா நடக்கப் பழகுவதற்கு முன்பே போனவள். அந்தச் சின்ன அடி வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போகிறதாம்.

வெறுங்காலோடு நடக்கிறாளே என்று லியா ஒவ்வொரு வருஷமும் ஒரு அளவு பெரிய ஷூ வாங்கி அங்கே வைக்கிறாள். புதியதை வைக்கும்போது பழையதை எடுத்து வந்து அலமாரியில் அடுக்குகிறாள்.

நிகு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறான். அடிப்பாகம் தேய்ந்திருந்தது.